குண்டு நிறம் கேட்கவில்லை!

ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள், கதிரவன் எழுமுன்பே ஆஸ்திரேலிய நகரங்களிலே மக்கள் கூடுகின்றனர். எக்காளம் ஒலிக்கிறது, தலைகள் தாழ்கின்றன. 1915ஆம் ஆண்டு அதே நாளில், துருக்கி நாட்டுக் கலிப்போலிக் கரையிலே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இறங்கினர். அவர்களுள் மாண்டோரை நினைவுகூரும் 'அன்சாக்' நாள் அது. ஐம்பது இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்த அந்நாட்டிலிருந்து, முதல் உலகப் போரிலே 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் வீடு திரும்பவில்லை. பெற்றோர் வடித்த கண்ணீர் பெரிது. அதனை நாம் மதிக்கிறோம்.

ஆனால், அந்த நினைவுச் சின்னங்களின் நிழலிலே நெடுங்காலம் பேசப்படாத கதையொன்று உண்டு. அந்த மண்ணுக்கே உரிய பழங்குடி மக்கள், தமக்கு உரிமை தராத நாட்டுக்காக உயிர் தந்த கதை அது!

1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், நாட்டு மக்களைக் கணக்கிடும்போது பழங்குடியினரை எண்ணலாகாது என்றது. 1909இல் திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டமோ, ஐரோப்பிய வழி வராதோரைக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்கி வைத்தது. போர் மூண்டதும் தாமாகவே முன்வந்த இளைஞர்களையும் தோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினர். தோள் வலிமையைப் பார்த்தார்களா? இல்லை!

பிறகு என்ன நடந்தது? களத்திலே பிணங்கள் குவிந்தன. ஊரிலே ஆள் கிடைக்கவில்லை. கட்டாயப் படைச்சேர்ப்புக்கு இசைவு கேட்டுப் பிரதமர் ஹியூஸ் 1916 அக்டோபரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார், மக்கள் மறுத்தனர். 1917 மே மாதம் ஓர் ஆணை பிறந்தது: பெற்றோருள் ஒருவர் ஐரோப்பியராயின் சேர்க்கலாம்! அறிவு வந்து கதவைத் திறந்ததா? ஆள் பஞ்சம் வந்து திறந்தது! அதற்கு முன்னும் பின்னுமாக, சிலர் தம் பிறப்பை மறைத்துங்கூட, 1,000க்கும் மேற்பட்ட பழங்குடியினர் அப்போரில் பணியாற்றினர்.

அங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். படையிலே வெள்ளையருக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்றால், பழங்குடி வீரனுக்கும் அதே 6 ஷில்லிங்! ஒரே பதுங்குகுழி, ஒரே சேறு, ஒரே உணவு. பாய்ந்து வந்த குண்டு நிறம் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகோ, ஊர் கேட்டது! போரிட்டுத் திரும்பியோர்க்கு அரசு நிலம் வழங்கிற்று. பழங்குடி வீரர்களுள் நிலம் பெற்றோர் மிகச் சிலரே. விக்டோரியா மாநிலத்துக் கொரண்டெர்க்கில், பழங்குடியினரின் குடியிருப்பு நிலமே இரண்டாம் போருக்குப்பின் பிரிக்கப்பட்டு வீரர் குடியேற்றத்துக்கு அளிக்கப்பட்டது. இருந்தவனை எழுப்பிவிட்டு வந்தவனுக்கு இடம்!

சாண்டர்ஸ் குடும்பத்தைப் பாருங்கள். தந்தை முதற்போர் வீரர். உறவினர் ராலிங்ஸ், பிரான்சிலே வீரப்பதக்கம் பெற்று 1918இல் மடிந்தவர். மகன் ரெஜ் சாண்டர்ஸ் 1940இல் படையில் சேர்ந்து, கிரீட் தீவிலே எதிரியின் பிடியில் சிக்காமல் ஏறத்தாழ ஓராண்டுக்காலம் மறைந்து வாழ்ந்து மீண்டார். தம்பி 1942இல் நியூகினியில் மாண்டார். 1944இல் ரெஜ் படையதிகாரியானார். பழங்குடியினருள் அப்பதவி பெற்ற முதல்வர் என்று நெடுங்காலம் கருதப்பட்டவர் அவரே. போர் முடிந்ததும், ஜப்பானுக்குச் செல்லும் படையில் சேர முன்வந்தார். பழங்குடியினருக்கு இடமில்லை என்றது அரசு! 1951இல் கொரியாவின் காப்யாங் போரிலே, ஒரு படைப்பிரிவையே நடத்தியவர் அதே மனிதர்.

வீரத்தைக் காட்டினால் நீதி தானே வந்துவிடும் என்று நம்புவோர் டாரஸ் நீரிணைத் தீவுகளை நோக்க வேண்டும். 1936இலேயே முத்துச்சிப்பிப் படகுகளில் வேலைநிறுத்தம் நடத்திய மக்கள் அவர்கள். ஜப்பானியர் நெருங்கியபோது 800க்கும் மேற்பட்ட தீவினர் தனிப் படையாகத் திரண்டனர். அவர்களுக்கோ வெள்ளைச் சிப்பாயின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு! 1943 இறுதியில் அவர்கள் பணிசெய்ய மறுத்து நின்றனர். 1944இல் ஊதியம் மூன்றில் இரு பங்காயிற்று. பணிந்து நின்றபோது வராத காசு, நிமிர்ந்து நின்றபோது வந்தது! எஞ்சிய பாக்கியைப் பெற அவர்கள் 1980கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

1949இல் படைப்பணி ஆற்றிய பழங்குடியினர்க்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்தது. ஆயினும், குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஏனைய பழங்குடியினர் 1962 வரை காத்திருந்தனர். துப்பாக்கி ஏந்தியவனுக்கு வாக்குச்சீட்டு. அவனை ஏந்திய தாய்க்கு இல்லை! 1967இல் மக்கள் வாக்கெடுப்பு, எண்ணலாகாது என்ற விதியை நீக்கிற்று. 1992இல், டாரஸ் நீரிணைத் தீவினரான மாபோ தொடுத்த வழக்கிலே, மண்ணின் மீது பழங்குடியினர்க்கிருந்த உரிமையை உயர்நீதிமன்றம் ஏற்றது. 2023இலோ, நாடாளுமன்றத்துக்கு அறிவுரை கூறும் பழங்குடியினர் குரலவையை அமைக்கும் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. வழி இன்னும் முடியவில்லை.

நண்பர்களே! உரிமை, சிந்திய குருதிக்குத் தரப்படும் கூலியாகுமா? கூலியென்றால், போருக்குச் செல்லாத முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் மனிதரல்லரா? இறந்தால் வீரன், இருந்தால் இழிந்தவன் என்று சொல்லும் எந்தச் சமுதாயமும், தன் வீரர்களின் கல்லறைக்கு மாலை சூட்டும் தகுதியை இழக்கிறது. மலர்வளையத்தை விட மதிப்புடையது, உயிரோடிருப்பவனுக்குத் தரும் சம இருக்கை. அதனைக் கேட்டுப் பெறுவதே மானமுள்ள வாழ்வு!