பரங்கிப்பேட்டை: மூன்று பெயர்களும் ஓர் அரைக்காசும்

பிரெஞ்சு நாட்டின் ஆற்றங்கரைச் சந்தையூர்களை நம்மில் அநேகர் பார்த்ததில்லை. ஆனாலும் அவை நமக்குப் பழக்கமானவை. 1857இல் புத்தகமாக வெளிவந்த ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி'யில் ஒரு விவசாயக் கண்காட்சி வருகிறது. அதைப் படித்தவனுக்கு நார்மண்டியின் ஒரு சிற்றூர், அதன் மருந்துக்கடை, சத்திரம், மேடைப் பேச்சு, மாடுகள் உட்பட, சொந்தத் தெருவைவிடத் துல்லியமாகத் தெரியும். சிதம்பரத்தில் உட்கார்ந்து அந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றி இரவு முழுக்கப் பேசக்கூடியவர்கள் உண்டு. அதே சிதம்பரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், வெள்ளாறு கடலில் சேருமிடத்தில், முன்னூறு வருஷ காலம் உலகத்தின் கணக்குப் புத்தகங்களில் இடம்பெற்றிருந்த சந்தையூர் ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சில் அது வருவதில்லை.

இதற்குத் தேசப்பற்றுக் குறைவு காரணமல்ல. ஓர் ஊர் நம் பிரக்ஞையில் இடம்பெற வேண்டுமானால் அதை யாராவது எழுதியிருக்க வேண்டும். பரங்கிப்பேட்டையை எழுதியவர்கள் குமாஸ்தாக்களும் தளபதிகளும் கலெக்டர்களும். இவர்கள் எழுதியதில் ஊர் இருக்கிறது, ஆனால் சரக்காக, ராணுவ நிலையாக, வரி இனமாக இருக்கிறது. பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த எழுத்துவகையின் அருமையும் வறுமையும் எனக்குத் தெரியும். பேரேடு பொய் சொல்லாது. தன் பத்திகளுக்குள் அடங்காததை அது பார்க்கவும் பார்க்காது.

1

பெயரிலிருந்து தொடங்கலாம். ஊருக்கு மூன்று பெயர்கள். போர்த்துக்கீசியர் வைத்தது போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். பாரசீகம் புழங்கிய ஆட்சியில் மஹ்மூத் பந்தர். பந்தர் என்றாலும் துறைமுகமே. தமிழ்ப் பெயரில் மட்டும் துறைமுகம் இல்லை, பேட்டை இருக்கிறது. பேட்டை என்பது சரக்கு இறங்கிச் சந்தை கூடும் இடம். கடலிலிருந்து வந்தவன் கரையைப் பார்த்து ஒரு பெயர் வைத்தான். கரையில் நின்றவன் வந்தவனைப் பார்த்து ஒரு பெயர் வைத்தான்.

பரங்கி என்ற சொல் வந்த வழி நீளமானது. சிலுவைப் போர்க் காலத்து அராபியர், மேற்கிலிருந்து வந்த கிறிஸ்தவர் எல்லோரையும் ஃப்ராங்க் என்ற ஓர் இனத்தின் பெயரால் குறித்தார்கள். அது பாரசீகத்தில் ஃபிரங்கியாகி, தமிழில் பரங்கியாயிற்று. இங்கே அது முதலில் போர்த்துக்கீசியனைக் குறித்தது. பிறகு வெள்ளைக்காரன் எவனையும். பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதே ஃப்ராங்க் இனத்தின் பெயரிலிருந்து வந்ததே. ஆக, வேரைப் பிடித்துக்கொண்டு போனால் பரங்கிப்பேட்டை என்பதற்குப் பிரெஞ்சுச் சந்தையூர் என்றே பொருள் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர் இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள் என்பது தவிர, ஊர் அவர்களுடையதாக நிலைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

தமிழ் இந்தச் சொல்லை எதற்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சென்னைக்கருகே ஒரு மலை பரங்கிமலை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு காய் பரங்கிக்காய். கப்பலோடு வந்த ஒரு வியாதி பரங்கிப்புண். மலை, காய், புண், பேட்டை எல்லாம் ஒரே சொல்லில். இதில் வெறுப்பும் இல்லை, வியப்பும் இல்லை. வந்ததை வந்ததாகக் குறித்துவைத்துக்கொண்டு சமையலைப் பார்க்கப் போகும் நிதானம் இருக்கிறது.

வடக்கே கடலூர்ப் பக்கம் வேறொரு பெயர். 1690இல் இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. நல்ல பீரங்கியும் தேர்ந்த பீரங்கிக்காரனும் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். குண்டு எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் என்றாயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நிலம் கைமாறிய விதத்தைப் பத்திரம் எழுதினவன் மறந்தாலும் ஊர்ப்பெயர் மறக்கவில்லை.

2

எல்லோரும் வந்தது துணிக்கு. கிழக்குத் தீவுகளின் மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாக அங்கத்தியர் கேட்டது ஐரோப்பியச் சரக்கையல்ல. இந்தக் கரையின் துணியை. அவுரியில் முக்கிய நீலத்துணிக்கும் சாயவேரில் எடுத்த சிவப்புக்கும் அங்கே மதிப்பு இருந்தது. ஆகவே வாசனைத் திரவியம் வேண்டிய டச்சுக்காரன் முதலில் தறியைத் தேடி வர வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையின் மரைக்காயர்கள் அதே துணியைத் தங்கள் சொந்தக் கப்பல்களில் அச்சேவுக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோனார்கள். ஐரோப்பியன் கடலைத் திறந்துவிட்டான் என்ற பாடப்புத்தக வாக்கியம் இந்த ஊருக்குப் பொருந்தாது. திறந்திருந்த கடலில் அவன் இன்னொரு கப்பலாக வந்தான், பீரங்கியுள்ள கப்பலாக.

துணி மட்டுமே போகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில் இந்தக் கரையிலிருந்து ஆட்களும் ஏற்றப்பட்டார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது டச்சுக்காரர் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் அனுப்பினார்கள். துணிக்கு நீளம், அகலம், நூல் எண்ணிக்கை எல்லாம் பதிந்த கணக்கில் இவர்களுக்குத் தலை எண்ணிக்கை உண்டு. பெயர் தேடினால் கிடைப்பது அரிது.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபிறகு கடற்கரை மராட்டியர் கைக்கு வந்தது. பரங்கிப்பேட்டையில் இடம் கேட்டு 1681இல் அவர்களிடம் பேரம் பேசப் போன கம்பெனி உத்தியோகஸ்தன் எலிஹு யேல். இவன் பிறகு சென்னைக்குக் கவர்னரானான். தேவனாம்பட்டினத்துக் கோட்டை வாங்கப்பட்டதும் இவன் காலத்தில்தான். 1718இல் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் ஒரு ராஜாவின் படமும் அனுப்பினான். சரக்கை விற்றுக் கட்டடம் கட்டினார்கள். கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடும் சர்வகலாசாலையின் பெயருக்குப் பின்னால் சோழமண்டலக் கரையில் சம்பாதித்த செல்வம் இருக்கிறது.

1733இல் ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியின் கப்பல் ஒன்று பரங்கிப்பேட்டைக்கு வந்தது. சரக்கு இறக்கிப் பண்டகசாலையும் போட்டார்கள். ஒருவரையொருவர் விழுங்கக் காத்திருந்த இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் உடனே ஒன்று சேர்ந்தார்கள். சில வாரங்களுக்குள் இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து வந்து பண்டகசாலையைத் தாக்கிச் சரக்கைப் பறித்தார்கள். இரண்டு பகைவர்களின் பொது தர்மம் எது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு தமிழ்க் குரல் கேட்கிறது. பிரெஞ்சுக்காரர் தங்கள் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையில் நீலத்துணி வியாபாரத்தைக் கவனிக்க 1720களில் அனுப்பிய இளைஞர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1846இல் புதுச்சேரியில் கண்டெடுக்கப்பட்டது. கொள்முதல், கப்பல் வரவு, சகுனம், வம்பு, கவர்னர் மாளிகைச் சூழ்ச்சி எல்லாம் பேச்சு வழக்கிலேயே வருகின்றன. தமிழ் உரைநடையின் பிறப்பை மிஷனரி அச்சுக்கூடங்களில் மட்டும் தேடுகிறவர்கள் இந்தத் தரகர் தமிழையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கியம் செய்யும் நினைப்பே இல்லாமல், இன்று நடந்ததை இன்றே எழுதிவைக்கும் அவசரத்தில் பிறந்த வாக்கியம் அது. அவசரம் அதற்கு உயிர் கொடுத்திருக்கிறது.

3

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடப்புத்தகங்கள் அதை மட்டுமே சொல்கின்றன. 1781 ஜூனில் ஐர் கூட் சிதம்பரம் கோவிலைத் தாக்கினான். ஹைதர் அலியின் படை அதைக் கோட்டையாக வைத்திருந்தது. தோற்றுத் திரும்பி, கப்பல் உதவியை எதிர்பார்த்துப் பரங்கிப்பேட்டைக்குப் போனான். ஜூலை 1ஆம் தேதி, கடலூருக்குப் போகும் வழியை மறித்து நின்ற ஹைதரின் பெரும்படையை மணல்மேடுகளுக்கு இடையே புகுந்து முறியடித்தான். கரையோரம் வந்த ஒரு சிறு கப்பலின் பீரங்கியும் அவனுக்கு உதவியது. தெற்கே கம்பெனியின் ஆட்டம் முடியாமல் காப்பாற்றியது அந்த நாள் என்கிறார்கள். ஊரின் தறிகளுக்கு அந்த நாளால் என்ன ஆயிற்று என்பது இரு தரப்பு வெற்றி தோல்விக் கணக்கிலும் சேரவில்லை.

4

அடுத்தது இரும்பு. ஜோசையா மார்ஷல் ஹீத் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830இல் இங்கே ஓர் இரும்பாலை தொடங்கினான். தாது சேலத்திலிருந்து நீர்வழியாகப் பரிசல்களில் வந்தது, எரிபொருள் மரக்கரி. இங்கிலாந்து மாதிரியில் இரும்பு உருக்கும் முயற்சிகளில் இந்தியாவிலேயே முன்னோடியான ஒன்று, வெள்ளாற்றங்கரையில். கம்பெனிகள் மாறின, கடன்கள் ஏறின, சுற்றுப்புறத்துக் காடுகள் கரியாயின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலை அணைந்துவிட்டது.

ஹீத்தின் கதை பால்சாக்குக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு வார்ப்பில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றான். ஷெஃபீல்ட் எஃகுத் தொழிலின் செலவை அது பெருமளவு குறைத்தது. ஆனால் உரிமைப் பத்திரத்தின் வாசகத்தில் ஒரு சந்து இருந்தது. முதலாளிகள் அதற்குள் புகுந்து, காசு கொடுக்காமல் அவன் முறையையே கையாண்டார்கள். வழக்குமேல் வழக்காடி, 1851இல் ஏழையாகவே செத்தான்.

பரங்கிப்பேட்டை இரும்பு வேல்ஸில் மெனாய் நீரிணையின் பாலத்துக்குப் போயிற்று என்று ஒரு பெருமைப் பேச்சு உண்டு. அங்கே இரண்டு பாலங்கள். தொங்குபாலம் 1826இல் திறந்தது, ஆலைக்கு முந்தியது. பேச்சில் ஏதாவது பொருள் இருக்குமானால் அது 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கே பொருந்தும். வருஷத்தைக்கூடச் சரிபார்க்காமல் நாம் இந்தப் பெருமையைச் சுமந்து திரிவது யோசிக்க வேண்டிய விஷயம். நம் இரும்புக்கு அடுத்தவன் பாலத்தில்தான் மோட்சம் என்று நினைக்கும் மனசுக்கு இங்கே கரியான காடு கண்ணில் படாது.

1870களின் கடைசியில் ரயில் வந்தது. துறைமுகத்துக்கு வர வேண்டிய சரக்கு தண்டவாளத்தில் ஏறிக்கொண்டது.

5

இன்று போகிறவனுக்கு முகத்துவாரத்தில் மீன்படகுகளும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கண்ணில் படும். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையிலும் ஏறியது. பழைய சரித்திரத்தைத் தேடி வருகிறவன் கடைசியில் தர்காக்களுக்குத்தான் போக வேண்டும்.

1906இல் வந்த தென்னாற்காடு கெஜட்டியரில் பிரான்சிஸ் இரண்டு தர்காக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று மாலுமியாருடையது. அவர் வாழ்ந்த காலத்தில் கப்பல் தலைவராக இருந்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் வைத்திருந்தார், எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் தலைவராக நின்றார் என்பது ஊர் நம்பிக்கை. கடலுக்குப் போகிறவர்களும் பிழைத்துத் திரும்புகிறவர்களும் உண்டியலில் காசு போடுவார்கள். அதில் விளக்கெரிப்பதும் வெள்ளையடிப்பதும் நடக்கும்.

இரண்டாவது அரைக்காசு நாச்சியார். இந்த அம்மாளுக்குச் செலுத்தும் காணிக்கை ஒரு பைக்கு, அதாவது ரூபாயில் 192இல் ஒரு பங்குக்கு, மேற்படக் கூடாது. மேற்பட்டால் பலிக்காது. அந்தக் காசுக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு வாங்கிச் சமாதிக்குப் பூசுவார்கள். ஆகவே சமாதியில் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போனது. பெரிய காணிக்கை கொண்டுவந்த பணக்காரர்கள் பலனில்லாமல், மறுபடி அரைக்காசோடு வந்த கதைகளும் உண்டு.

கெஜட்டியர் எழுதியவருக்கு இது ஒரு வேடிக்கை. எனக்கு இது இந்த ஊர் எழுதிய பொருளாதார விமர்சனம். போர்ட்டோ நோவோ வராகன் என்று தன் பெயரில் பொன்நாணயம் புழங்கிய ஊர் இது. அந்த வராகன் நட்சத்திர வராகனைவிட மாற்றுக் குறைந்தது என்பது வட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், நவாபு எல்லோரும் நாணயத்தை உரசிப் பார்த்துக்கொண்டிருந்த சந்தையில், அதிகம் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லும் ஒரு பெண்ணை ஊர் கற்பித்துவைத்தது. வாங்கும் சக்தியே மதிப்பிழக்கும் ஓர் இடம் பேட்டைக்குள்ளேயே இருந்தது.

மாலுமியார் கதையும் அப்படியே. ஒரே ஆள் எல்லாக் கப்பலிலும் நிற்பது அற்புதம். ஆனால் போன கப்பல் வருமா என்று கரையில் காத்திருந்த குடும்பங்களின் பயத்தையும் நம்பிக்கையையும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா? டச்சுக் கணக்கில் கப்பலின் பெயர், சரக்கு, தேதி உண்டு. காத்திருந்தவர்கள் இந்தக் கதையில் மட்டுமே இருக்கிறார்கள்.

சரித்திரக்காரனுக்குக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. அவன் வேலையை அவன் செய்வான், செய்தும் வருகிறான். எழுத்தாளனுக்கு இருப்பது சுண்ணாம்பு. வருஷக்கணக்கில் ஒருவர் பூசியதன்மேல் ஒருவராகப் பூசி ஏறிய அந்தக் கனத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு, ஓர் ஆள் உண்டு. ஃப்ளாபேருக்கு ஒரு கண்காட்சி போதுமானதாக இருந்தது. நமக்கு அரைக்காசு போதும். அதற்குமேல் கொடுத்தால் நாச்சியாரும் ஏற்கமாட்டார்.