இருண்ட திரையின் வைத்தியம்

2010 வாக்கில் எல்.இ.டி. பரவும்வரை, லேப்டாப் திரைக்குப் பின்னால் எரிந்தது பென்சிலைவிட மெல்லிய சி.சி.எஃப்.எல். குழல்விளக்கு. அதற்கு உயர் மின்னழுத்தம் தந்த இன்வெர்ட்டர் பலகை அடிக்கடி கெடும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் அறிந்த சோதனை எளிது: இருண்ட திரையில் டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் விளக்கிலோ இன்வெர்ட்டரிலோதான். தெரியாவிட்டால் வெளி மானிட்டர். அதில் படம் வந்தால் கேபிள் அல்லது திரை. வராவிட்டால் ராம், அப்புறம் மதர்போர்டு. செலவில்லாமல் ராமை முதலில் கழற்றி மாட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எல்.இ.டி. வந்ததும் இன்வெர்ட்டர் ஒழிந்தது. பழைய குழலுக்குள் பாதரசம் உண்டு; கொடுங்கையூர்க் குப்பைமேடு அதற்கான இடமல்ல. 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், அத்தகைய கழிவைத் திரும்பப்பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்தன.