பறத்தல் எங்கே?

பரிபாடலின் பல பாட்டுகளுக்குப் பண்ணின் பெயரும் இசை வகுத்தோர் பெயரும் கிடைக்கின்றன, இசை கிடைக்கவில்லை. இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான ‘மாருத்’தின் நிலையும் அதுவே.

ஜெர்மானியர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட அது 1961 ஜூன் 17-இல் முதன்முதலாகப் பறந்தது. 147 விமானங்கள் கட்டப்பட்டன, 1971 போரில் பங்கேற்றன, 1990-இல் விடைபெற்றன. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை அளந்து கணினியில் வரைந்துவிடலாம். ஆனால் சிமுலேட்டரில் பறக்க உருவம் போதாது. ஒவ்வொரு வேகத்திலும் கோணத்திலும் இறக்கை பெற்ற தூக்குவிசை, இழுவிசை, எஞ்சினின் உந்துவிசை ஆகியவற்றின் அட்டவணைகள் வேண்டும். அவை இராணுவ ஆவணங்கள். எளிதில் வெளிவருவன அல்ல. எஃப்-16 கையேடுகளை அமெரிக்காவிலிருந்து சட்டவிரோதமாகப் பெற முயன்ற சிமுலேட்டர் நிறுவன ஊழியர் ஒருவர் 2019-இல் தண்டிக்கப்பட்டார்.

வரைபடத்தைக் கொண்டு கணிக்கலாமே எனலாம். மாருத்துக்கு எண்ணியிருந்த வலுவான எஞ்சின் கடைசிவரை வாய்க்கவில்லை. ஆகவே அக்கணிப்பில் பிறப்பது விரும்பிய விமானமேயன்றிப் பறந்த விமானம் அன்று.

எஞ்சும் சான்று ஓட்டியவர்களின் கைநினைவே. முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸ் 1970-இல் மாருத் விபத்திலேயே மாண்டார். பிறர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யாவிடில், பெயரைக் காத்துப் பண்ணை இழந்த கதையே மீண்டும் நிகழும்.