பேக்கப் இல்லாத ஒரு ரத்தக்குழாய்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்குது. கருவிழிக்கு நடுவுல இருக்கிற ஓட்டை ஏன் கறுப்பா தெரியுது?

உள்ளே போற வெளிச்சத்துல கொஞ்சம், வந்த வழியே திரும்பி விளக்குக்கே போயிடுது. அதைப் பார்க்கணும்னா விளக்கு இருக்கிற இடத்துல நம்ம கண்ணு இருக்கணும். அங்கே தலையை வெச்சா வெளிச்சம் மறைஞ்சிடும். அதனால, விழித்திரையில ஓடுற ரத்தக்குழாய்களை உயிரோட இருக்கிற ஒருத்தர்கிட்ட பார்க்க, டாக்டர்கள் கையில ரொம்ப நாள் ஒரு கருவியே இல்லை.

இதுக்கு முதல்ல வழி கண்டுபிடிச்சவர்களில் ஒருத்தர் நம்ம துறைக்காரர். ஆமா, கம்ப்யூட்டர் முன்னோடி சார்லஸ் பேபேஜ்தான். கண்ணாடியோட ரசத்தைக் கொஞ்சம் சுரண்டி, அந்த ஓட்டை வழியா பார்க்கிற கருவி அது. 1847-ல் வார்ட்டன் ஜோன்ஸ்ங்கிற கண் டாக்டர்கிட்ட காட்டினார். அவருக்கு அதோட அருமை புரியலை. விஷயம் அங்கேயே நின்னுபோச்சு.

1850-ல் ஜெர்மனியில ஹெல்ம்ஹோல்ட்ஸ் தனியா அதே பிரச்சினையைத் தீர்த்தார். சாய்வா வெச்ச கண்ணாடித் தகடுகள் விளக்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள திருப்பும். அதே தகடுகள் வழியா அவர் பார்ப்பார். 1851-ல் அதை வெளியிட்டார். சிவப்புப் பின்னணியில கிளை விரிச்ச மரம் மாதிரி ரத்தக்குழாய்கள் தெரிஞ்சது!

அந்த மரத்தோட அடிமரம் ஒரே ஒரு குழாய். கழுத்து வழியா மேலே போற தமனியில இருந்து கண் தமனி பிரியுது. அதுல இருந்து மையத் தமனி பிரிஞ்சு, பார்வை நரம்புக்குள்ள புகுந்து விழித்திரைக்கு வருது. விழித்திரையோட வெளி அடுக்குக்கு, பின்னாடி இருக்கிற இன்னொரு ரத்தப் படலம் சாப்பாடு போடுது. உள் அடுக்குக்குப் பெரும்பாலும் இந்த ஒண்ணுதான். பேக்கப் சர்வர் கிடையாது.

1859-ல் பெர்லின் டாக்டர் ஃபான் கிராஃபே, திடீர்னு பார்வை போன ஒரு இதய நோயாளியோட கண்ணுக்குள்ள பார்த்தார். இதயத்துல இருந்து வந்த கட்டி மையத் தமனியை அடைச்சிருக்குன்னு சொன்னார். கோளாறு கண்ணுல தொடங்கவே இல்லை!

இன்னைக்கு இதைக் கண்ணுக்கு வர்ற பக்கவாதம்னே சொல்றாங்க. வலியே இருக்காது. ஆபத்தே அதுதான். 'காலையில பார்த்துக்கலாம்'னு தூங்கிடுவோம். ஆனா சில மணி நேரத்துலயே விழித்திரை செத்துடும். வீட்டுல யாருக்காவது ஒரு கண்ணு திடீர்னு இருட்டிட்டா, கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.