திருவாசகமும் சிம்பொனி என்ற சொல்லும்

இளையராஜாவின் 'திருவாசகம் இன் சிம்பொனி' 2005-இல் வெளிவந்தபோது எழுந்த விவாதத்தில் பெரும்பகுதி இசையைப் பற்றியதல்ல. தலைப்பிலிருந்த ஒரு சொல்லைப் பற்றியது. இது சிம்பொனிதானா?

கேள்விக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக அவர் எழுதிய சிம்பொனி வெளியாகவேயில்லை. எவரும் கேட்டிராத அப்படைப்பு நம் சூழலில் ஒரு தொன்மமாகவே ஆகிவிட்டிருந்தது. எனவே அட்டையில் அச்சொல்லைக் கண்டதும் பழைய கடன் தீர்ந்ததென்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். இலக்கணம் தெரிந்த மறுசாரார் சீறினர்.

படைப்பு உருவான விதமோ இச்சண்டையைவிடச் சுவையானது. ஒரு சைவ நூலின் இசைவடிவை முன்னின்று தயாரித்தது கத்தோலிக்கப் பாதிரியாரான ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம். (1900-இல் இதே நூலை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப்பும் பாதிரியார்தான். மாணிக்கவாசகருக்கு இப்படியொரு ராசி!) 51 பகுதிகள் கொண்ட நூலிலிருந்து ஆறு பாடல்களுக்கான வரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வாத்திய இசையை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. பிராட்வே இசைநாடகங்களின் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கில வரிகளை எழுதினார்.

கறாராகச் சொன்னால் இது சிம்பொனி அல்ல. குரல் இருப்பதனால் அல்ல. 1824-இலேயே பீத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் சேர்ந்திசைக் குரல்களைக் கொண்டுவந்துவிட்டார். இங்கே வடிவத்தை நடத்திச் செல்வது இசைக்கருக்களின் வளர்ச்சியல்ல, பாடலின் சொல். சமயப் பனுவல், தனிக்குரல், சேர்ந்திசை, பெரும் வாத்தியக்குழு என்ற சேர்க்கைக்கு ஹாண்டலின் 'மெஸையா' முதல் ஒராடோரியோ என்ற பெயருண்டு. அதுவே இதற்குப் பொருந்தும்.

ஆனால் கேட்கப்படாமல் போன கேள்வி வேறு. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில், அநேகமாகத் துணைவாத்தியமின்றி, ஒற்றைக் குரலில் பாடுவது மரபு. தனியொருவனின் தழுதழுப்பு அது. அதனை அத்தனை வயலின்களும் சேர்ந்திசையும் தாங்குமா? சிவபுராண வரிகளைக் கொண்ட, சுமார் 20 நிமிடம் நீளும் பாடலில் தாங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாத்தியங்களின் பெருக்கத்துக்கு நடுவே இளையராஜாவின் பயிற்சி மெருகற்ற குரல் வரும்போது, அந்தப் பெருக்கமே அவரது தனிமையைக் காட்டுகிறது. மற்ற சில பாடல்களில் திரையிசையின் பழகிய வளைவுகள் குறுக்கிடுகின்றன.

2025 மார்ச் 8 அன்று லண்டனில், அதே ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவைக்கொண்டு அவர் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். இம்முறை பெயரைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை.