நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தால் மூச்சு போதுமா? ஆபரேஷனுக்கு முன்பே கணிப்பது எப்படி?

நுரையீரல் புற்றுநோய் ஆரம்ப கட்டத்திலேயே தெரிந்தால், கட்டி உள்ள பகுதியை அகற்றுவதுதான் முக்கிய சிகிச்சை. "மிச்சம் இருக்கிறதை வச்சு மூச்சு விட முடியுமா?" என்பதே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வரும் முதல் பயம். இதை டாக்டர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

என்னென்ன டெஸ்ட்?

* ஸ்பைரோமெட்ரி: மூச்சை முழுசா இழுத்து, குழாயில் வேகமாக ஊத வேண்டும். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவுதான் 'எஃப்.இ.வி.1'.
* டி.எல்.சி.ஓ.: நுரையீரலில் இருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு நன்றாகச் செல்கிறது என்பதைக் காட்டும்.

இரண்டுமே, அதே வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டு சதவீதமாகச் சொல்லப்படும்.

கணக்கு எப்படி?

இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 சிறு பிரிவுகள். வலது பக்கம் 10, இடது பக்கம் 9.

ஒருவரின் எஃப்.இ.வி.1 80% என்று வைத்துக்கொள்வோம். வலது மேல் மடலை எடுத்தால் 3 பிரிவுகள் போகும், 16 மிஞ்சும். 80-ஐ 19-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் சுமார் 67%. வலது நுரையீரலையே எடுத்தால் சுமார் 38% தான்.

கட்டி அடைத்து ஏற்கெனவே வேலை செய்யாத பிரிவுகள் கணக்கில் சேராது. முழு நுரையீரலையும் எடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று காட்டும் ஸ்கேனை வைத்துக் கணிப்பார்கள்.

எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு?

அமெரிக்க மார்பு மருத்துவர்கள் அமைப்பின் 2013 வழிகாட்டுதல்படி:

* ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு அளவுகளும் 60%-க்கு மேல் இருக்கும் என்றால், ரிஸ்க் குறைவு.
* ஏதாவது ஒன்று 60%-க்குக் கீழ், ஆனால் இரண்டும் 30%-க்கு மேல் என்றால், படி ஏறும் அல்லது நடக்கும் டெஸ்ட். 22 மீட்டர் உயரம், அதாவது சுமார் ஏழு மாடி ஏற முடிந்தால் நல்ல அறிகுறி.
* ஏதாவது ஒன்று 30%-க்குக் கீழ் என்றால், உடற்பயிற்சி செய்ய வைத்து ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்கும் டெஸ்ட்.

நம்பர் குறைந்தால் ஆபரேஷனே கிடையாதா?

அப்படி இல்லை. குறைந்த நம்பர் என்றால் அடுத்த டெஸ்ட் தேவை என்றுதான் அர்த்தம். அதிலும் ரிஸ்க் அதிகம் என்று வந்தால், மடலுக்குப் பதில் சிறு பகுதியை மட்டும் எடுப்பது, கதிர்வீச்சு போன்ற வழிகளை டாக்டர்கள் யோசிப்பார்கள். புகைப்பதை நிறுத்துவதும் மூச்சுப் பயிற்சியும் ஆபரேஷனைத் தாங்கும் உடலைத் தயார் செய்யும்.

ஆபரேஷனுக்கு சம்மதம் சொல்லும் முன், "இப்போ எவ்வளவு இருக்கு, அப்புறம் எவ்வளவு மிஞ்சும்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.