கமோஷிகா: சட்டம் காத்த மலையாடு

ஜப்பானின் செங்குத்தான மலைக்காடுகளில் ‘கமோஷிகா’ என்றொரு விலங்கு தனித்துத் திரியும். பார்வைக்கு மான்போல் இருப்பினும் ஆட்டினத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாட்டுக்குத் தூரத்து உறவு எனலாம்.

வட ஹொன்ஷூவின் ‘மதாகி’ எனப்படும் மலை வேட்டைக்காரர் இதனை இறைச்சிக்கும் தோலுக்குமாக வேட்டையாடினர். கொம்போ கடலுக்குப் போயிற்று. சூரை மீன் பிடிக்கும் தூண்டிலுக்கு அதிலே போலி இரை செய்தார்கள்! 1925 இல் வேட்டை தடைசெய்யப்பட்டது. 1934 இல் இயற்கை நினைவுச்சின்னமாகவும், 1955 இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாகவும் அரசு அறிவித்தது. ஆயினும் 1950களின் இறுதியில் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்வரை கள்ள வேட்டை ஓயவில்லை.

பின்னர் எண்ணிக்கை பெருகியது. 1970களில் காடு வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். நட்ட ஹினோகிக் கன்றுகளின் நுனியை இது கடித்துவிடுகிறது. சுடுவதற்கோ சட்டம் இடந்தராது. அவர்களது நட்டம் உண்மையானதே. கன்று மரமாக ஒரு தலைமுறை செல்லும். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் பின்னர் இயற்கைக் காடுகளைப் பரவலாக வெட்டி, சுகி, ஹினோகி மரங்களை நடுவித்தது அரசின் கொள்கை. வெட்டிய சரிவுகளில் புல்லும் இளந்தளிரும் மண்டின. இலை போட்டு விருந்து வைத்தவர் மனிதரே.

1979 இல் சூழல், கலாசாரம், வனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூன்று அரச நிறுவனங்கள் உடன்பாடு கண்டன. காப்பிடங்களை வகுப்பது, அவற்றுக்கு வெளியே கட்டுப்பாட்டுடன் கொல்ல அனுமதிப்பது என்பதே அது.

இன்று காட்டுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பது சிகா மான். ஷிகொக்கு, கியூஷூ தீவுகளில் அம்மான் கூட்டம் கீழ்ச்செடிகளைத் தின்று தீர்க்க, கமோஷிகா மீண்டும் அருகி வருகிறது.